சனிக்கிழமை எண்ணெய்

அண்ணனின் கையும் காலும் தானாக ஆடத் தொடங்கியபோது, முக்கூடலிலிருந்து திருநெல்வேலிக்கு அழைத்துப் போனோம். எங்கள் அப்பாவுக்கும் இதேதான் இருந்தது. சொட்டுச் சாராயம் தொடாத மனிதரை, தள்ளாடி நடந்ததால் ஊர் கடைசிவரை குடிகாரர் என்றே சொன்னது.

நரம்பு டாக்டர் பொறுமையாக விளக்கினார். பரம்பரையாக வரும் நோய்; மூளை செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. மூளையைக் காக்க வேண்டிய செல்களே கொந்தளித்து அழற்சியை உண்டாக்குகின்றன, அது அழிவை வேகப்படுத்தலாம் என்கிறார்கள். அதை அடக்க மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்களாம். நோயாளியின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அண்ணன் மனைவியின் காதில் ஒன்றுதான் விழுந்தது. "அழற்சின்னா சூடுதானே கொழுந்தனாரே? மண்டைக்குள்ள சூடு கெடக்கு. பைய எறக்கிரலாம்."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அண்ணனை முற்றத்தில் உட்காரவைத்து, உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தாள்.

"எண்ணெ மண்டை ஓட்டைத் தாண்டிப் போவாது மைனி" என்று எரிந்து விழுந்தேன்.

"தேய்க்கும்போது கொஞ்சம் அமைதியா இருக்காவளா இல்லையா, நீங்களே பாருங்க."

இருந்தார்தான். அதைப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

என் வைத்தியம் வேறு. தம்ளரில் விளிம்புவரை டீயை ஊற்றிக் கையில் பிடித்துப் பார்ப்பேன். சிந்தாவிட்டால் அன்று முழுக்க வீட்டில் எல்லோரிடமும் நல்லபடியாகப் பேசுவேன். பரிசோதனைக்கு மட்டும் போகவில்லை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். எனக்கு இல்லையென்றால் அவளுக்கும் இல்லை. இருந்தால்? அதற்கு மேல் யோசிக்க எனக்குத் துணிச்சல் கிடையாது.

போன சனிக்கிழமை காலையில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பின்னால் நின்றாள். ஒன்றும் கேட்காமல் என் உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள்.

"இப்ப என்னத்துக்கு இது?"

"சும்மாதான். பேசாம இருங்க."

கல்யாணமான நாளிலிருந்து, உட்கார்ந்த இடத்தில் காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று என்னைத் திட்டுகிறவள். கொஞ்ச நாளாக அவள் திட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேப்பரை இறக்கிக் கீழே பார்த்தேன். கால் ஆடிக்கொண்டிருந்தது.

அழுத்தி நிறுத்தினேன். சற்று நேரத்தில் பெருவிரல் மட்டும் தானாக அசைந்தது. அவள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்தாள்.