ரேடியேட்டர் தண்ணீரும் வெள்ளைப் பனியன் துணியும்

1960களில் பழைய கார் வாங்கிய திமிரில், ரேடியேட்டர் தண்ணீரை மாற்ற மெக்கானிக் எதற்கு என்று நானே அதன் அடியில் இருந்த வடிகால் திருகைத் திறந்தேன். ஓடி நின்ற இன்ஜின் முதலில் ஆற வேண்டும் என்பது இந்த மேதைக்குத் தெரியாது. கொதிக்கும் துருத் தண்ணீர் என் கையைச் சுட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மாராத்தாக்கா வெளுத்துத் தரையில் விரித்திருந்த பனியன் துணிக்குள் ஓடியது. சாயங்காலம் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டிய துணி, செம்மண் நிறமாகிவிட்டது. எனக்குக் கை எரிவதே மறந்துபோயிற்று. 'யார் ஊற்றினார்களோ' என்று சொல்ல ஒரு பொய் மட்டும் தயாராக இருந்தது.

ஓடி வந்த அக்கா துணியைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினார்.

"அக்கா, துணிங்க..."

"அதெ இன்னொருக்கா வெளுத்துக்கலாமுங்க தம்பி. வெந்த தோலெ அப்படிச் சரிபண்ண முடியாதுங்க. பேசாம நில்லுங்க."

பொய்யை விழுங்கிக்கொண்டு நின்றேன். பிறகு ஒற்றைக் கையால் அவரோடு துணி அலசினேன். கொப்புளம் சீக்கிரமே ஆறிவிட்டது. அந்தப் பொய்யை நினைத்தால்தான் இன்றும் கூச்சமாக இருக்கிறது.