கட்டம் போட்ட நாற்காலி உறை

அறுபதுகளின் நடுவில், பம்பாய் செம்பூரில் எங்கள் கட்டடத்திலிருந்து ஒரு சிந்திக் குடும்பம் காலி செய்துகொண்டு போனபோது, அவர்களுடைய நான்கு நாற்காலிகளை என் சம்பளத்தில் வாங்கிப்போட்டேன். மரம் நல்ல தேக்கு. மெத்தைகள்தான் கந்தல். பஞ்சைப் பிரித்து வெயிலில் காயவைத்துத் திரும்ப அடைத்தேன். உறை தைக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

புதுத் துணி என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழாது. டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய திரைச்சீலை, நைந்த வேட்டி, என் புடவைகள் எல்லாவற்றையும் வெளியே போட்டேன். புடவை, நாம் உட்காருகிற இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். முந்தானையும் கரையும் பல வருஷம் தாங்கும். நல்ல பாகமாகப் பார்த்து எடுத்து, செய்தித்தாளில் மெத்தையின் அளவை வரைந்து, அதன்படி வெட்டினேன். கழற்றித் தோய்க்க வசதியாகப் பின்னால் நாடா வைத்துத் தைத்தேன்.

நாற்காலிகள் வந்த முதல் மாதமே சண்டை. மாமியார் எங்களோடு இருந்தார், ஆசாரம் பார்ப்பவர். மாதவிலக்கான மூன்று நாளும் நான் பால்கனிக் கதவோரம் சாக்கை விரித்துத் தரையில்தான் உட்கார வேண்டும். வி.டி. ஸ்டேஷன் வரை ட்ரெயினில் போய், நாளெல்லாம் டைப் அடித்துவிட்டு வருகிறவளுக்கு, தான் வாங்கிய நாற்காலியில் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை.

"பஞ்சு மெத்தைடீ. தீட்டு ஒட்டிண்டா எப்படித் தோய்க்கறது?" என்றார்.

"ட்ரெயின் சீட்டை யாரும்மா தோய்க்கறா?" என்றேன்.

என் கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கடைசியில் ஓர் உடன்பாடு. மரத்துக்குத் தோஷமில்லை என்று மாமியாரே தீர்ப்புச் சொன்னார். அந்த நாட்களில் ஒரு நாற்காலியில் மட்டும் பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு, பழைய புடவைகளை மடித்துத் திணித்த தனி மெத்தை போட்டுக்கொள்ளலாம். நாலாம் நாள் தலைக்குக் குளித்து, எல்லாவற்றையும் நானே தோய்த்துப் பால்கனிக் கொடியில் உலர்த்த வேண்டும். அடையாளம் மாறாமலிருக்க, அதற்கு மட்டும் நீலக் கட்டம் போட்ட செட்டிநாட்டுப் புடவையில் உறை தைத்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் கரையைக் கொசுவி ஃப்ரில்கூட வைத்தேன்.

என் புத்தியை என்ன சொல்ல! கட்டடம் முழுக்க நம் பக்கத்து ஜனங்கள். புடவை தினமும் கொடியில் தொங்குவதுதான். அதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை மட்டும் வெளியே வருகிற கட்டம் போட்ட உறை அப்படியா? அதுவும் கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் குழந்தை இல்லாதவள் வீட்டுப் பால்கனியில்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் எதிர் ப்ளாக் மாமி, "இந்த மாசமும் போயிடுத்தா?" என்று உச்சுக்கொட்டினாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் எரிந்தது. ஊரெல்லாம் தெரியும்படி நானே தம்பட்டம் தைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் உறையைக் குளியலறைக்குள்ளேயே உலர்த்தினேன். "மழை வரும்போல இருக்கு" என்று மாமியாரிடம் சொன்னேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. சில நாள் கழித்துக் கோயிலிலிருந்து திரும்பிய மாமியாரின் முகம் சுண்டியிருந்தது. கையில் ஒரு பொட்டலம் கல்கண்டு.

"எதிர் ப்ளாக் மாமி குடுத்தா. எத்தனை நாள் தள்ளிப்போயிருக்குன்னு கேக்கறா, சன்னிதியிலே, எல்லார் எதிர்லேயும். நம்மாத்து நாள் கணக்கு இவாளுக்கு எப்படித் தெரியறது?"

அந்த மாதம் உறை தொங்காத பால்கனிக் கொடியைக் காட்டினேன். பஸ் ஸ்டாப் கதையையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"மாசா மாசம் இப்படியா?" என்றார்.

தலையாட்டினேன். அவர் கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொன்னார். ஃப்ரில்லைப் பிரித்தெறிந்துவிட்டு, கட்டம் போட்ட துணியை நான்கு துண்டாக வெட்டினார். "நாலு உறையிலேயும் நடுவுலே வச்சுத் தை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். தோய்ச்சா நாலையும் சேர்த்துத் தோய், என்னிக்கு வேணும்னாலும்."

"அப்போ அந்த மூணு நாள்?"

அவர் வெட்டிய துண்டுகளை என் மடியில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

மறு மாதம் விலக்கான அன்று, ஆபீஸிலிருந்து வந்ததும் பழையபடி சாக்கைத் தரையில் விரித்தேன். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே, "மேலே உட்காரு" என்றார்.

"எதுலேம்மா?"

"எதுலேயாவது."

பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தேன். அவர் தட்டை எனக்கும் எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தார். அந்த நாட்களில் நான் தொட்ட காய் அதற்குமுன் அந்த வீட்டில் அடுப்பேறியதில்லை. இருவருமாக ஆய்ந்து முடித்தோம். சமைத்தது அவர். எனக்குப் பரிமாறிவிட்டு, அந்தக் கறியைத் தானும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.