முகத்துவாரம் வெட்டிய அன்று

ஆண்கள் மட்டுமே தோணி விட்ட கோரைக்களப்பில், துறைச் சங்கத்தோடு வாதாடித் தனக்கும் ஓர் இடம் வாங்கியவள் ஜனூபா. புருஷன் விட்டுப்போன வீட்டுக்குக் கூரை போட்டவள். மகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியவள். பள்ளிக்கூடம் போகாமலே ஊர்ச் சரித்திரத்தைச் சொல்லி வெளியூர்க்காரரை வாய்பிளக்க வைப்பவள். இதையெல்லாம் கண்டவர்களிடம் சொல்லித் திரிவார் அவளுடைய காக்கா, மூத்த சகோதரர் காலிதீன். தோணியில் போன ஆட்கள் கரை திரும்பியதும் சங்கப் புத்தகத்தில் அவளுக்காகத் தானே கையொப்பம் வைப்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அன்று ஊர் பார்க்க வந்த குருநாகல் குடும்பமொன்றை ஏற்றிக்கொண்டு சியாரத் திட்டுக்குப் போயிருந்தாள். இறைநேசர் ஒருவர் அடக்கமான மேடு அது. அங்கிருந்து ஒல்லாந்தர் கட்டிய உப்புக் கிடங்கின் இடிந்த சுவரும் தெரியும். மழையில் களப்பு பெருகி வயல்களை மூடியிருந்தது.

துறையில் நின்ற காலிதீனிடம் தோணிக்காரர் சப்ரி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"காக்கா, முகத்துவாரத்த வெட்டிட்டாங்க!"

"நாளைக்கெண்டுதானே சொன்னாங்க?"

"வெள்ளாமை அழுகுதாம். பொறுக்க ஏலாதாம்."

முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிட்டால் களப்புத் தண்ணீர் கடலுக்குப் பாயும். நடுவில் அகப்பட்ட தோணியும் கூடவே போகும். நீரில் அசையாமல் மிதந்து கிடந்த ஆற்றுவாழைச் செடிகள் கிழக்கே நகர்வதைக் காலிதீன் கண்டார். ஜனூபாவைத் தொலைபேசியில் அழைத்தார். மணி அடித்ததே தவிர எடுப்பாரில்லை. திட்டின் பக்கம் தோணியையும் காணோம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியுமோ என்னவோ. "யா அல்லாஹ்" என்றபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

அப்போது முதுகுக்குப் பின்னால், வயல் பக்கமிருந்து பிள்ளைகளின் சிரிப்புக் கேட்டது. தோணியைக் கயிற்றில் இழுத்தபடி முழங்காலளவு நீரில் நடந்து வந்தாள் ஜனூபா.

"என்ன காக்கா, தண்ணியில போன மையத்துத் தேடுறவன் மாதிரி நிக்கிறீங்க?"

"எதால வந்த நீ?"

"ஆத்துவாழை கடல் பக்கம் திரும்பிச்சு, விளங்கிட்டு. உடனே வயலுக்குள்ள விட்டன். வரம்புக்கு இஞ்சால இழுவை இல்லத்தானே. வரம்புக்கு மேலால நடந்து இழுத்து வந்தன்."

ஆட்கள் இறங்கினார்கள். காலிதீன் சங்கப் புத்தகத்தை விரித்தார். பேனா தாளில் நிற்கவில்லை.

"தாங்க காக்கா. கை ஆடுற ஆட்டத்துக்கு என்ட பேரக் கொல பண்ணிருவீங்க."

"உனக்கு எழுத வருமா?"

"ஓம். மகள் லீவில வந்து பழக்கினவ. பிழைச்சாச் சிரிப்பீங்கெண்டு சொல்லல்ல."

உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஈரக் கையிலிருந்து தாளில் நீர் சொட்டியது. காலிதீன் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். ஒரு பிழையுமில்லை. பக்கத்தில் திகதியை மட்டும் அவர் எழுதினார்: 2023 டிசம்பர் 21.