நடந்தே ஆடிய ரோனா லாமண்ட்

"டூகல் வண்டியில போய் ஆட, முழங்கால் வலின்னு சர்டிபிகேட் கொடுத்த டாக்டர் யாரு?" என்று கேட்டாள் ரோனா லாமண்ட்.

"அதையெல்லாம் வெளிய சொல்லக் கூடாது, மிஸஸ் லாமண்ட்" என்றாள் கிர்ஸ்டி.

"மாட்டு டாக்டராத்தான் இருக்கும். அவன் தங்கச்சி மக கல்யாணத்துல அந்த முழங்கால் போட்ட குதியை நான் பார்த்தேனே!"

"இப்ப உங்களுக்கு என்ன பண்ணணும்?"

"மைதானத்துல தாமதம் யாராலன்னு நீயே போய்ப் பாரு. ஒரே பேட்டரி வண்டி, அதுல ரெண்டு தடியனுங்க. முதல்ல இவன் பந்துகிட்டப் போவானுங்க, அப்புறம் அவன் பந்துகிட்ட. நான் நேரா என் பந்துகிட்ட நடந்து போறவ. ஆனா நீ எங்க போகப்போறே? டூகல் பொண்டாட்டி உனக்கு ஷார்ட்பிரெட் பிஸ்கட் கொடுத்தாளாமே."

"எல்லாருக்கும்தான் கொடுத்தாங்க."

"எனக்குக் கொடுக்கலையே, கண்ணு."

ஃபைஃப் கடற்கரையோரத்து அந்தக் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களை வரிசைப்படி அனுப்புவது கிர்ஸ்டியின் வேலை. முதல் பந்தை அடிக்கும் மேடைக்குப் பக்கத்து மரக்கொட்டகையில் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ரோனா ஊரில் வெகுகாலம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவள். தபால் நிலையத்துக்கு வேன் வந்தபோது, தன் வேலையைப் பறிக்கத்தான் வந்திருக்கிறது என்று முடிவுகட்டி, ஓய்வு பெறும்வரை அதில் ஏறவேயில்லை. கோல்ஃபிலும் தனியாகவே ஆடுவாள். கூட ஆடுகிறவர்கள் தாங்கள் அடித்த அடிகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றுவார்களாம். மட்டைப்பையைத் தன் தோளைத் தவிர வேறெதிலும் ஏற்றமாட்டாள்.

செவ்வாய்க்கிழமைக் காலை ஆட்டம் இழுக்கிறது என்று புகார் மேல் புகார் வரவே, நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்தது. யார் பின்தங்குகிறாரோ அவர் வண்டியில் ஏற வேண்டும், இல்லையென்றால் காலை ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். குற்றவாளி டூகல் என்பதில் ரோனாவுக்குச் சந்தேகமில்லை. கிர்ஸ்டிக்கும் ஏறக்குறைய அதே எண்ணம்தான். அந்த முழங்காலை அவளும் நம்பவில்லை.

அடுத்த செவ்வாய் கிர்ஸ்டியே மணல்மேட்டு ஓரமாகப் போய்ப் பார்த்தாள். டூகலின் வண்டி தொலைவில் கடைசிக் குழியின் கொடியை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் ரோனாவுக்கும் இடையில் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிவரை பாதை ஆளில்லாமல் கிடந்தது; ரோனாவைத் தடுக்க முன்னால் யாருமில்லை. ரோனாவுக்குப் பின்னால் வந்த மூவர் மட்டைகளை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். மெதுவாக ஆடுபவர் ஒதுங்கி, கையை வீசிப் பின்னால் வருபவர்களை முன்னே போகச் சொல்வது அங்கே மரியாதை. ரோனாவின் கை மட்டும் எழவேயில்லை.

முட்புதர் ஓரத்து உயரமான புல்லை மட்டையால் விலக்கிக்கொண்டிருந்தாள் அவள். பந்து தொலைந்துவிட்டால் தேடுவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு, யாரும் வாய் திறக்க முடியாது. கிர்ஸ்டி உதவப் போனாள். போகும் வழியில், வெட்டிய புல்லின் நடுவே, சிவப்பு மையில் 'ரோ' என்று எழுதிய பந்து பளிச்சென்று கிடந்தது.

திருட்டாட்டம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. நல்ல இடத்தில் இன்னொரு பந்தைப் போட்டுவிட்டு நாடகம் ஆடுகிறாளோ? பக்கத்தில் போனதும் மூச்சு வாங்குவது கேட்டது. ரோனா புல்லை விலக்கவில்லை. மட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி, மேடேறியதில் இரைத்த நெஞ்சு அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"கிடைச்சுதா?" என்றாள் நிமிராமலே.

"அங்க நடுவுல கிடக்கு, மிஸஸ் லாமண்ட்."

"பார்த்துட்டியா?"

"ம்."

"குழுக்காரங்க கேட்டா?"

"பார்த்ததைத்தானே சொல்ல முடியும்."

ரோனா அவளையே ஏற இறங்கப் பார்த்தாள். யார் அனுப்பி வந்தாய் என்று கேட்பது போலிருந்தது. பின்னால் நின்ற மூவரில் தொப்பி போட்ட ஒருவன் தொண்டையைச் செருமினான். ரோனா மெல்ல ஒதுங்கி, இடுப்புயரத்துக்குக் கையைத் தூக்கி ஆட்டினாள். மூவரும் தலையசைத்துவிட்டுக் கடந்து போனார்கள்.

"தொப்பிக்காரன் சிரிச்சான்" என்றாள்.

"சிரிக்கலைங்க. நன்றி சொன்னாரு."

"சொல்லுவான், சொல்லுவான்."

பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பந்தை நோக்கி இரண்டடி வைத்தவள் நின்றாள்.

"கிர்ஸ்டி, காலை ஆட்டம் எனக்கு வேணாம்னு எழுதிக்கோ. வண்டியில மட்டும் ஏறச் சொல்லாதே. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் கடைசி ஆளா என்னை அனுப்பு. எனக்குப் பின்னாடி ஒருத்தரையும் விடாதே."