ஐஸ்பெட்டி மூடி சொன்ன சாட்சி

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பெரிய ஐஸ்பெட்டி கிடக்கிறது. மூடியை மேலே தூக்கித் திறக்கிற, சவப்பெட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான சாமான். என் மனிசி அதில் சீனிப்பாணியைக் குச்சி ஐஸ்பழமாக உறைய வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிறா. எனக்கோ சீனி வருத்தம், இரத்தத்தில் சீனி கூட. "இந்த முறையும் குறையாட்டி ஊசிதான்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாட்டுக்கு ஊசி போடுவதைப் பார்த்தாலே உட்காரக் கதிரை தேடுகிற ஆள் நான்.

கிளினிக்குக்கு முதல் நாள் மத்தியானம். மனிசி சங்கக்கடைக்குப் போயிருந்தா. தகரக் கூரைக்குக் கீழே காற்று கொதித்தது. ஒன்று எடுத்தேன். பிறகு அடியில் கிடந்த சிவப்பு நிறத்துக்காகத் தோள்மட்டும் கையை விட்டுத் துழாவி இன்னும் இரண்டு. நின்ற நிலையில் எல்லாவற்றையும் தின்று முடித்து மூடியைச் சாத்தின பிறகுதான் சந்தேகம் வந்தது: மேல் அடுக்கை எண்ணி வைத்திருப்பாவோ? பள்ளத்தை நிரவிவிடலாம் என்று திரும்ப மூடியைத் தூக்கினால், அசையவில்லை.

பூட்டு வைத்திருக்கிறாவா? தடவிப் பார்த்தேன், இல்லை. பசையா? இல்லை. கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். உள்ளுக்குள் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. காத்துக் கறுப்பு என்று நினைத்த உடனேயே நாக்கு வறண்டது. ஐஸ்பழம் தின்று ஈரமாய் இருந்த நாக்குத்தான்.

வாசல் படலையடியில் மனிசியின் சைக்கிள் சத்தம். உறைகளைச் சாரத்து மடிப்புக்குள் செருகிவிட்டு, நானே முந்திக்கொண்டேன்.

"இஞ்சேரும், உம்மட பெட்டி பழுதாப் போச்சு. மூடி திறக்குதில்லை."

அவா ஒரு விரலால் மூடியைத் தட்டிப் பார்த்தா.

"அப்ப இப்பதான் ஆரோ திறந்திருக்கினம்."

"நான் கிட்டவும் போகேல்லை."

"திறந்தால் சூட்டுக் காத்து உள்ள போகும். மூடினவுடன அது குளிர்ந்து சுருங்கும். வெளியில நிக்கிற காத்து மூடியை அமத்திப் பிடிக்கும். ரெண்டு நிமிசம் பொறுத்தால் தானா விடும்."

பத்தாம் வகுப்பில் படித்தது ஒன்று கைகொடுத்தது. "சூட்டுக் காத்து மேலதானே போகும்? பிறகு எப்பிடி உந்தக் குழிக்குள்ள இறங்கும்?"

"சும்மா விட்டால் இறங்காது. குளிர்க் காத்து பாரம், அடியிலதான் கிடக்கும். ஆரோ தோள்மட்டும் கையை விட்டுக் கலக்கினால்தான் இறங்கும்."

நான் என் தோளைப் பார்த்தேன். சட்டைக் கை நனைந்திருந்தது.

"எத்தினை?"

"ஒண்டு."

அவா மூடியை இழுத்துப் பார்த்தா. "ஒண்டுக்கு இவ்வளவு இறுகாது."

"மூண்டு."

காத்துதான். கறுப்பு இல்லை. ஆனால் காத்துக்கு எண்ணத் தெரியும் என்கிற மாதிரி அவா சொன்னது சுத்தப் புளுகு என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அடுத்த நாள் டொக்டர் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு இன்சுலின் ஊசி எழுதினார். மூன்று ஐஸ்பழத்தால் மட்டும் வந்த வினை இல்லை, முந்திய மாதங்களில் தின்றவையும் சேர்ந்து வந்தது. மருந்தை ஐஸ்பெட்டிக்குள் வைத்தால் உறைந்து பழுதாகிவிடுமாம். அதனால் மனிசி ஒரு சின்ன மண் முட்டியைத் தண்ணீரில் இருத்தி, மருந்தை அதற்குள் வைத்திருக்கிறா. முட்டிக்கும் ஒரு மூடி இருக்கிறது. நான் எப்போது தொட்டாலும் அது உடனே திறக்கிறது.