காப்பாற்றியவரைத் தேடி ஒரு மனு

காவல் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை.

திருமங்கலத்தில் என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் வேலை எல்லாம் உண்டு. ஆர்.சி. புத்தகத்தைத் தொலைத்தவர், பைக்கைப் பறிகொடுத்தவர், கொடுத்த புகார் என்ன ஆனது என்று தெரியாதவர் எல்லாரும் நிலையத்துக்குள் நுழையும் முன் என் கடைப்படி ஏறுவார்கள். நீங்களும் ஒரு எஃப்.ஐ.ஆர். நகலுக்கு அலைந்தவர் என்றால் இதெல்லாம் புரியும். அலையாதவர் என்றால் உங்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அக்கம்பக்கத்தினர்

காதர் பாய் கைத்தடியோடு வந்தார். மனைவி ரஜியா ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தார். மதுரை தெற்குவாசலில் கயிற்றுக் கடை வைத்திருப்பவர்கள். சில மாதங்களுக்கு முன் திருமங்கலம் பக்கம் நாலுவழிச்சாலையில் பாயின் பைக்கை ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. யாரோ ஓர் ஆட்டோக்காரர் அவரை அள்ளிப்போட்டுக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ரஜியா வந்து சேர்வதற்குள் போய்விட்டார். ரம்ஜான் முடிந்ததும் மகளுக்கு நிக்காஹ். முதல் பத்திரிகையை அந்த மனிதர் கையில் கொடுக்காமல் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று பாய் ஒரே பிடிவாதம்.

எஃப்.ஐ.ஆர். நகலைக் காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். மாவட்டம், நிலையம், வருடம், வழக்கு எண் தெரிந்தால் போதும். எடுத்துக் கொடுத்தேன். "அக்கம்பக்கத்தினர் மீட்டு மருத்துவமனையில் சேர்த்தனர்" என்று ஒரே வரி. எல்லா விபத்துக்கும் எழுதுகிற வரிதான். ரஜியா அதை இரண்டு முறை படித்தார்.

"அங்குட்டு ரெண்டு பக்கமும் பொட்டக்காடுங்க. ஒரு ஆடுகூட நிக்காது. அக்கம்பக்கம்னு இவுக யாரைச் சொல்றாக?"

பாய் தேடிய வார்த்தை

தகவல் உரிமை மனு போடலாம் என்றேன். இதில் நம் ஆட்கள் செய்கிற தவறு ஒன்றுண்டு. ஏன், எதற்கு என்று சண்டைக்குப் போய்விடுவார்கள். அப்படிக் கேட்டால் பதில் வராது. அலுவலகத்தில் இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேட்க வேண்டும். பாயும் "அந்தத் தங்கமான மனுசனை ஏன் மறைச்சு வச்சிருக்கீக" என்றுதான் ஆரம்பித்தார். நான் அதை "விபத்து குறித்து மருத்துவமனையிலிருந்து நிலையத்துக்கு வந்த தகவலின் நகல்" என்று மாற்றி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு என்று முகவரி எழுதினேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"எல்லாம் சரிதாம்மா. இதுல நன்றிங்கிற வார்த்தை எங்கம்மா இருக்கு?"

எல்லை

பதிலுக்குக் காத்திருந்தபோது பொங்கல் வந்தது. பக்கத்து ஊர் சோனை ஓடிவந்தார். அவனியாபுரம் வாடிவாசலில் அவிழ்த்துவிட்ட காளை வீடு திரும்பவில்லை. அங்க அடையாளம் கேட்டேன். கொம்பு, திமில், நெற்றிச் சுழி எல்லாம் சொல்லிவிட்டு, "காராபூந்தின்னா உசுரு, அதையும் போடுக்கா" என்றார். போட்டேன். காணாமல் போனது அவனியாபுரத்தில், அதனால் மனுவை அங்கே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். காளை மறுநாள் தானாகவே வந்து தொழுவத்தில் நின்றதாகக் கேள்வி. ஆனால் அன்றைக்கு சோனைக்கு வந்த கோபம் என் மேல்தான்.

"ஓடுற மாடு எந்த ஸ்டேசன் எல்லைன்னு பாத்தாக்கா ஓடும்? அப்பிடிப் பாத்தா நான் மதுரை பூராம்ல மனுக் குடுக்கணும்!"

பெயர் கேட்காத மனு

பாய்க்குப் பதில் வந்தது. மூன்றாம் நபர் பற்றிய தகவல், வழங்க இயலாது. பாயின் முகம் வாடிவிட்டது. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் நோன்பு தொடங்கிவிட்டது. அச்சடித்த பத்திரிகையெல்லாம் வீட்டில் கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. யோசித்துப் பார்த்தால் காவல்துறை சொன்னதும் நியாயம்தான். உதவி செய்தவரின் பெயரைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தால் நாளைக்கு யார் வண்டியை நிறுத்துவார்கள்? அதனால் பெயரே கேட்காமல் நிலையத்துக்கு ஒரு மனு எழுதினேன். அவரிடம் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள், விருப்பமிருந்தால் எங்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள். பாயின் ஆசைக்கு நன்றியை இரண்டு இடத்தில் போட்டேன்.

நிலையத்தில் ஏட்டம்மா அதை நின்றபடியே படித்தார். அந்த அம்மாளுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

"யாரைப் புடிச்சு உள்ள வைக்கணும்னுதான் இதுவரைக்கும் மனு வாங்கிருக்கேன் செல்வி. ஒருத்தருக்கு நன்றி சொல்லணும்னு இதான் மொதத் தடவை. ஆஸ்பத்திரித் தகவல்ல அவர் நம்பர் இருக்கும், நானே போன் போடுறேன், இரு."

தூக்கியது மட்டும்தான்

மறுநாள் காலை காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வியர்த்துக் கொட்ட வந்து நின்றார். "அக்கா, அவசரமா ஒரு மனு அடிக்கணும். பேரு பாண்டி. அவனியாபுரத்துல ஷேர் ஆட்டோ ஓட்டுறேன். ஸ்டேசன்லருந்து ஒரு அம்மா போன் பண்ணுச்சு. ஆக்சிடென்ட் விசயம்னுச்சு, பயந்துபோய்க் கட் பண்ணிட்டேன். நான் இடிக்கல, தூக்குனது மட்டும்தான்னு நல்லா எழுதுக்கா."

டைப் செய்வதை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பாண்டி நம்பவில்லை. "அந்தாளு அன்னிக்கே பேச்சு மூச்சு இல்லாம கெடந்தாரு. செத்துருப்பாரு, அதான் என்னையத் தேடுறாக" என்று எழுந்துவிட்டார். நல்ல வேளை, ஆட்டோ சாவி என் மேசைமேல் இருந்தது. எடுத்து டிராயரில் போட்டுவிட்டு, ஒரு டீயும் சொல்லிவிட்டு, பாய்க்குப் போன் செய்தேன்.

பாயும் ரஜியாவும் வந்து இறங்கினார்கள். பாண்டி கைத்தடியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கடைசியாக முகத்தைப் பார்த்தார். பாய் பத்திரிகையை நீட்டினார். அதை வாங்கக்கூடத் தோன்றாமல் பாண்டி அழுதுவிட்டார். நாங்களும்தான்.

"ஒங்களுக்கு மூச்சு இருக்கா இல்லையான்னு கேக்கப் பயந்துதான் பாய் அன்னிக்கு ஓடுனேன். இத்தன நாளா அந்தப் பக்கம் சவாரியே ஏத்தல."

இத்தனை வருடமாகத் தகவல் கேட்டு எழுதுகிறேன், பதில் தானே ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்து நின்றது அந்த ஒரு முறைதான். மற்றதெல்லாம் இன்னும் பதிவுத் தபாலில்தான் வந்துகொண்டிருக்கிறது.