மரண அறிவித்தல் இசையும் அக்காவின் பிரஷரும்

கண்டியில் உள்ள அந்தத் தனியார் கண் ஆஸ்பத்திரியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டொக்டர் கைராசிக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் காத்திருக்கும் அறையின் கூரையில் பொருத்தியிருந்த ஸ்பீக்கர் மீதும், அதைக் கேட்டால் எவருக்கும் பயம் தெளிந்துவிடும் என்று சாதித்தவர்கள் மீதும்தான்.

அக்கா புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். இரண்டு கண்ணிலும் புரை. கொழுந்து எது, முற்றல் எது என்று தெரியாமல் கூடையை நிரப்பிக்கொண்டு போய்த் தினமும் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். கண் சரியாகாவிட்டால் மலைக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். டவுனில் வேலை பார்க்கும் நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒப்பரேஷனுக்குக் கொடுத்த பச்சைத் தொப்பியை மாட்டிக்கொண்டு அக்கா கதிரையில் உட்கார்ந்தாள். மேலே வயலினும் புல்லாங்குழலுமாக, வார்த்தையே இல்லாத ஓர் இசை இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"யாருடி செத்துப் போனாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி இருக்கும் வரிசை வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அப்படிப்பட்ட இசை வேறு எதற்கும் வந்ததில்லை. ரேடியோவில் மரண அறிவித்தலுக்கு முன்னால் அதுதான் வரும். வந்ததும் லயமே வாயை மூடிக்கொள்ளும். எந்த ஊர், யார் பெயர் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்ற எங்கள் அண்ணன் இறந்த செய்தியே அந்த இசைக்குப் பின்னால்தான் எங்களுக்கு வந்தது.

நர்ஸிடம் போனேன். "மிஸ், அந்த மியூசிக்கைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. அக்கா பயப்புடுறாங்க."

"ஐயோ, இது பயம் போறதுக்குத்தானே போடுறோம்" என்று சிரித்தார். "பயப்புடுறாங்கன்னா இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்."

கூட்டியும் வைத்தார்!

பிரஷர் எகிறியது. இப்படி இருந்தால் ஒப்பரேஷன் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். கருவாட்டைக் குறைக்கச் சொன்னார் டொக்டர். அடுத்த தடவை அக்கா கருவாட்டை மோந்துகூடப் பார்க்காமல் வந்தாள். அதே இசை, அதே பிரஷர். "களவா சாப்பிடுறாங்க போல" என்றார் நர்ஸ். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பீக்கரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அக்காவின் பார்வை அவர்கள் தயவில் இருந்ததே, என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மெல்லிய இசை மனதைத் தணிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கே தணித்திருக்கிறது. ஆனால் கேட்பவர் யார், அவர் காதில் முன்பு என்னென்ன விழுந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா? தோட்டத்துச் சனத்தின் பிரஷருக்குக் கருவாட்டை விட்டால் வேறு காரணமே இருக்காதா?

திரும்பும்போது புசல்லாவை பஸ்ஸில் டிரைவர் குத்துப் பாட்டை அலறவிட்டிருந்தார். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. எனக்குத் தலையிடி. அக்காவோ கம்பளை தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் முறை, அந்த மாதிரிப் பாட்டுகளை என் போனில் ஏற்றிக்கொண்டு போனேன். தொப்பிக்குள் இயர்போனைச் செருகிவிட்டேன். கூரையில் மரண அறிவித்தல் இசை அதுபாட்டுக்கு ஓட, அக்கா கால்விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பிரஷர் அடங்கியது. ஒரு கண்ணின் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளே, எங்கட மியூசிக் கடைசியில வேலை செய்திட்டுது! பக்கத்து ஹோலுக்கும் ஒரு ஸ்பீக்கர் பூட்டச் சொல்லியிருக்கிறன்."

பக்கத்து ஹோலை எட்டிப் பார்த்தேன். காலையில் எங்களோடு பேசிக்கொண்டிருந்த மடுல்கெல்லத் தோட்டத்துப் பெண்கள் பச்சைத் தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "டொக்டர்..." என்று எழுந்தேன்.

அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா உட்காருடி" என்றாள் மெதுவாக. "மத்தக் கண்ணு இன்னும் பாக்கி இருக்கு."